பாதி அலை கடலுக்கு: திருகோணமலைக்கென ஓர் ஒலிபரப்பு நிறுவனம் வளருமா?

உவர்மலையான்

வணக்கம். நானும் நண்பர்கள் மூவரும் இரண்டு வருடங்களாக உவர்மலையில் ஒரு வீட்டின் பின்னறையிலிருந்து இணைய வானொலி ஒன்றை நடத்தி வருகிறோம். சுவர்களில் பழைய மெத்தைகளைக் கிழித்து ஒட்டியிருக்கிறோம். ஆனாலும் கூரை தகரம் என்பதால், மாரிகாலத்தில் செய்தி வாசிப்பவரோடு மழையும் சேர்ந்து வாசிக்கும். பகல் முழுவதும் பாடல்கள், இரவு 8 மணிக்கு அரை மணித்தியாலம் ஊர்ச் செய்தி. கேட்பவர்களின் கணக்கைப் பார்த்தால் பெரும்பகுதியினர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். குடாவுக்கு அக்கரையில் மூதூரில் இருப்பவருக்கு எங்கள் பெயரே தெரியாது.

இதை முறையான நிறுவனமாகப் பதிவுசெய்து, ஒரு பண்பலை வரிசையைப் பெற்று, மூன்று வருடத்துக்குள் தொலைக்காட்சியும் தொடங்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். சிரச எப்.எம். 1994 இல் தொடங்கியது. சக்தியும் சூரியனும் 1998 இல் வந்தன. இன்று அவற்றைக் கேட்காத ஊர் இல்லை. அரசுடையவை என்றாலும் யாழ்ப்பாணத்துக்கு யாழ் எப்.எம். இருக்கிறது, அம்பாறைப் பக்கத்துக்குப் பிறை எப்.எம். இருக்கிறது. எங்கள் வீட்டு வானொலியின் முள்ளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நகர்த்திப் பார்த்தால், கேட்கும் குரல்களில் பெரும்பாலானவை கொழும்பில் குளிரூட்டிய அறைகளில் இருந்து பேசுபவை.

ஒரு பிராந்திய ஒலி, ஒளிபரப்பு நிறுவனம் எந்த வரிசையில் வளர வேண்டும்? முதலில் கோபுரமா, ஆட்களா, விளம்பரமா? அனுபவமுள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள். பிழையாக யோசிக்கிறோம் என்றாலும் சொல்லுங்கள்.

அலைவாங்கி

தம்பி, கோபுரத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பணம் முதலில் போய் விழப்போகும் குழி அதுதான். வேறிடத்து நிகழ்ச்சியை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் அரச அஞ்சல் நிலையம் ஒன்றில் 22 வருடம் ஒலிபரப்பிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான்.

திருகோணமலைக்கு ஒலிபரப்புப் புதிதல்ல. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல நிறுவனம் 1984 இல் நகரத்துக்கு வடக்கே தனது அஞ்சல் நிலையத்தை இயக்கத் தொடங்கியது. அங்கே 250 கிலோவாற் வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பிகள் நின்றன, 1548 கிலோஹேர்ட்ஸில் ஒரு மத்திய அலையும் இருந்தது. 1987 ஜூலை 29 இல் ஒப்பமான இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தையும் எண்ணெய்க் குதங்களையும் பற்றிப் பேசிய அதே தாளில், இலங்கையிலுள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, உளவு வேலைகளுக்குப் பயன்படக்கூடாது என்றும் எழுதினார்கள். வானொலிக் கம்பம் அவ்வளவு பெரிய அரசியல் பொருளாக இருந்தது. 2013 இல் அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அத்தனை வலுவும் இந்த ஊரின் தலைக்கு மேலால் ஆசியாவின் வேறு நாடுகளுக்குப் போயிற்று. சிற்றலை வானில் மோதித் தெறித்துத் தூரத்தில்தான் இறங்கும், பக்கத்திலுள்ள நிலாவெளிக்காரரை எண்ணி அனுப்பியதல்ல அது. ஆகவே வலு கூடினால் ஊர் கேட்கும் என்ற கணக்கை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது பண்பலை. அது நேர்கோட்டில் போகும், அடிவானத்தைத் தாண்டாது. கணக்கு இலகுவானது: அன்ரனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீற்றரில் வரும். 64 மீற்றர் உயரமென்றால் 33 கிலோமீற்றர். கேட்பவர் வீட்டு அன்ரனா 4 மீற்றரில் இருந்தால் அவர் பக்கத்தில் இன்னும் 8 கிலோமீற்றர். மொத்தம் 41. மூதூருக்கு இடையில் கொட்டியாரக் குடாவின் தண்ணீர் மட்டும் இருப்பதால் அங்கே தெளிவாகக் கேட்கும். கந்தளாய் விளிம்பில் நிற்கும். வெருகலும் விளிம்பில்தான். கோமரங்கடவெலப் பக்கம் குன்றுகளின் நிழலில் விழும். அதற்கு மேல் எட்ட வேண்டுமென்றால் இரண்டாவது ஒலிபரப்பி வேண்டும். கொக்காவிலில் 2011 இல் திறந்த கோபுரத்தை 174 மீற்றரில் எழுப்பியதும் இந்தக் கணக்குக்காகத்தான்.

நகரத்தில் வட்டமாகப் பரப்பும் அன்ரனாவை வைத்தால் அலையில் பாதி கடலுக்குப் போகும். மீனுக்கு விளம்பரம் செய்து பயனில்லை. நிலத்தைப் பார்த்துத் திருப்பிய அன்ரனா வையுங்கள், அதே மின்சாரத்தில் இரண்டு மடங்கு பயன் கிடைக்கும்.

மின்சாரத்தையும் பாருங்கள். 1 கிலோவாற் பண்பலை ஒலிபரப்பி சுவரிலிருந்து ஏறத்தாழ 1.7 கிலோவாற் இழுக்கும். 24 மணித்தியாலத்துக்கு 40 அலகு, மாதத்துக்கு 1,200 அலகு. குளிரூட்டியும் கலையகமும் அதற்கு மேல். மின்சாரம் போனால் ஜெனரேற்றர், ஜெனரேற்றருக்கு டீசல்.

கடைசியாக உப்பு. ஒரு முறை சாதாரணத் தூறல் மழைக்கு எங்கள் ஒலிபரப்பி மாலை 6 மணிக்குத் தானாக நின்றது. திரும்பி வரும் சக்தியைக் காட்டும் முள் சிவப்பில் நின்றது. கம்பத்தில் ஏறி அன்ரனாவுக்குப் போகும் தடித்த கேபிளின் இணைப்பைக் கழற்றினேன். உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு, அதற்குள் ஒரு தேக்கரண்டி தண்ணீர். இறப்பர் நாடாவை ஒழுங்காகச் சுற்றாமல் விட்ட ஒரு சிறிய இடத்தால் கடற்காற்று மூன்று வருடம் உள்ளே போயிருக்கிறது. அந்தத் தேக்கரண்டித் தண்ணீர் ஒன்றரை நாள் ஒலிபரப்பைத் தின்றது. கடலோர நிலையத்தில் வருடத்துக்கு இரண்டு தரமாவது கம்பம் ஏறக்கூடிய ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்க வேண்டும். இதை யாரும் திட்ட அறிக்கையில் எழுதுவதில்லை.

தூரதேசி

கோபுரமே வேண்டாம் என்பது என் கருத்து. சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 இல் தொடங்கியபோது நாளொன்றுக்குச் சில மணிநேரம்தான் ஒளிபரப்பியது, அதுவும் செய்மதியில் வாடகைக்கு எடுத்த நேரம். வீடுகளுக்குக் கொண்டுபோனவர்கள் தெருத்தெருவாகக் கம்பி இழுத்த கேபிள்காரர்கள். 2006 இல் அந்த நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. இன்று உங்களுக்குச் செய்மதியும் தேவையில்லை, கைப்பேசி போதும். திருகோணமலையிலிருந்து வெளிக்கிட்ட எங்களைப்போன்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் நல்ல கமராக்களும் கலையகமும் வாங்கலாம். நேரே தொலைக்காட்சிக்குப் போங்கள். வானொலி போன தலைமுறையின் பொருள்.

கிண்ணியாக்கரை

தூரதேசி அவர்களுக்கு, வானொலி போன தலைமுறையின் பொருளா என்பதைக் கிண்ணியாவில் ஒரு நோன்பு மாதம் இருந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் இங்கே ஒரு பாடசாலையில் பூமிசாஸ்திரம் படிப்பிக்கிறேன்.

நோன்பு திறக்கும் நேரம் கொழும்பு வானொலியில் பாங்கோடு வரும். அறிவிப்பாளர் கவனமானவர் என்றால் “கொழும்பிலும் அதனை அண்டிய பகுதிகளிலும்” என்று சொல்வார். கொழும்புக்கும் எங்களுக்கும் நெடுங்கோட்டில் ஏறத்தாழ 1.3 பாகை வித்தியாசம், ஒரு பாகைக்கு 4 நிமிடம். அகலக்கோட்டின் வித்தியாசத்தையும் சேர்த்தால், எங்கள் சூரியன் கொழும்புச் சூரியனை விட மார்கழியில் ஏறத்தாழ 8 நிமிடமும் ஆனியில் 3 நிமிடமும் முந்தி மறைகிறது. அதாவது நாடு முழுவதற்கும் பேசும் வானொலி எங்கள் வீட்டுப் பேரீச்சம்பழத்தைச் சில நிமிடம் தாமதமாகவே வாயில் வைக்கச் சொல்கிறது. விடியமுன் உண்ணும் ஸஹருக்கு நிலைமை மறுபக்கம், அங்கே பிந்தினால் நோன்பே பிழையாகிப்போகும். பள்ளிவாசல்கள் மாவட்ட நேர அட்டவணையைப் பார்த்துச் சொல்வதால் தப்புகிறோம். இராகுகாலத்துக்கும் இதே கணக்குத்தான் என்று என்னோடு படிப்பிக்கும் ஐயர் வீட்டு ஆசிரியை சொல்வார்.

ஒரு பிராந்திய நிலையம் எதற்கு என்று கேட்டால் என் முதல் பதில் இந்தச் சில நிமிடங்கள். இரண்டாவது பதில் கடல். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே 90.4 மெகாஹேர்ட்ஸில் நடக்கிறது. காற்றின் வேகம், அலையின் உயரம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்பவற்றை அந்த ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறார்கள். எங்கள் கரையில் அப்படி ஒன்று இருந்தால் அதற்குக் கேட்பவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

உவர்மலைத் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் நிலையத்தின் பெயரிலும் தொடக்க இசையிலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இடம் இருக்குமா? 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகங்கள், எதுவும் பாதியைத் தொடவில்லை. நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நால்வர் நகரத்துத் தமிழருக்காக நடத்தும் நிலையமாக இருந்தால், கிண்ணியா அதைத் திருப்பிக்கூடப் பார்க்காது. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரை பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித் தண்ணீரைத் தாண்டி நகரத்துக்கு வந்தவர்கள் நாங்கள். அந்த இடைவெளி பாலத்தோடு முழுதாகப் போய்விடவில்லை.

மத்தியவீதிக் கடைக்காரன்

எல்லோரும் அலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். சம்பளத்தை யார் கொடுப்பது?

நான் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கொழும்பு நிறுவனம் ஒன்றின் விளம்பர முகவர் வருடத்துக்கு ஒரு முறை வருவார். நாடு முழுக்கக் கேட்கும் விளம்பரத்துக்குரிய விலையைச் சொல்வார். எனக்குத் தெற்கே காலி நகரத்திலிருந்தா ஆள் வந்து ஆணி வாங்கப் போகிறார்? தம்பலகாமத்துக்கும் சாம்பல்தீவுக்கும் கேட்டால் போதும், அதற்குரிய விலையில் விற்க அவரிடம் பொருள் இல்லை. அந்த இடம்தான் உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு. பெரிய நிறுவனங்கள் சோப்பையும் பால்மாவையும் கைப்பேசி அட்டையையும் விற்பவர்களால் வாழ்கின்றன. ஊர் நிலையம் இரும்புக் கடையாலும் நகைக் கடையாலும் ரியூட்டரியாலும் கல்யாண மண்டபத்தாலும் வாழ வேண்டும். ஐம்பது சிறு கடைகள் மாதாமாதம் சிறு தொகை தருவது ஒரு பெரிய கம்பனி வருடத்துக்கு ஒரு முறை தருவதை விட உறுதியானது. அந்தக் கம்பனி ஒரு தொலைபேசி அழைப்பில் நிறுத்திவிடும்.

பெரிய நிறுவனங்கள் வளர்ந்த முறையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மகாராஜா குழுமம் சிங்களத்துக்குச் சிரச, தமிழுக்குச் சக்தி, ஆங்கிலத்துக்கு யெஸ் என்று வைத்தது. ஹிரு வைத்திருப்பவர்களே சூரியனையும் வைத்திருக்கிறார்கள். ஒரே கட்டடம், ஒரே ஜெனரேற்றர், ஒரே விளம்பரப் பிரிவு, பல மொழி. ஒரு மொழியில் நட்டம் வந்தாலும் மற்றது தாங்கும். கிண்ணியா ஆசிரியர் நியாயமாகக் கேட்டதற்கு வியாபாரப் பக்கத்திலிருந்தும் பதில் அதுதான்: கந்தளாய்க்குச் சிங்களத்தில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் கந்தளாய்க் கடைகளும் காசு தரும்.

இன்னுமொன்று. நீங்கள் யாரும் சொல்லாத வருமானம் மரண அறிவித்தல். என் தகப்பனார் காலையில் தேநீரோடு வானொலிக்குப் பக்கத்தில் இருந்தது செய்திக்காக அல்ல. “கட்டைபறிச்சானைப் பிறப்பிடமாகவும் பாலையூற்றை வசிப்பிடமாகவும் கொண்ட” என்று தொடங்கும்போது கையால் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வார். பிறகு அன்னாரின் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சம்மந்தி வரை பெயர் வரும். ஈமக்கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானம், “இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.” அந்த ஒன்றரை நிமிடத்தில் ஒரு குடும்பம் ஊரில் யார் என்பது முழுவதும் சொல்லப்பட்டுவிடும். பாட்டுக்கு வானொலியை மாற்றுபவர்கள் அதற்கு மாற்றமாட்டார்கள். அதைக் காசுக்கு வாசியுங்கள்.

ஈச்சிலம்பற்றுக்காரன்

செய்தியைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் ஒன்பது வருடம் ஒரு கொழும்பு ஊடகத்துக்குப் பிரதேசச் செய்தியாளராக இருந்தேன். மாதச் சம்பளம் இல்லை, அடையாள அட்டை ஒன்றும் ஒளிபரப்பான செய்திக்கு ஒரு தொகையும் மட்டும்தான். அனுப்பிய செய்தி போடப்படாவிட்டால் பெற்றோல் என் கணக்கு.

ஒரு மாரியில் வெருகல் ஆறு பெருகியது. விடியப்புறம் 5 மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் நின்று, கைப்பேசியைப் பொலித்தீன் பையில் சுற்றி, சனங்கள் கோயில் மடத்துக்கு ஏறுவதைப் படமெடுத்து 6 மணிக்கு அனுப்பினேன். செய்தி மதியம் 1 மணிக்குப் போயிற்று. “மட்டக்களப்பு மாவட்டத்தின் வெருகல் பிரதேசத்தில்” என்று வாசித்தார்கள். ஆறு எல்லையில் ஓடுகிறது என்பதால் எந்தக் கரை எந்த மாவட்டம் என்று ஆசிரியபீடத்தில் இருந்தவருக்குத் தெரியவில்லை. அதன் விளைவு சின்னதல்ல. அன்றைக்கு உலர் உணவு கொண்டுவந்த ஒரு வாகனம் ஆற்றின் மறுபக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. திருத்தம் கேட்டுத் தொலைபேசி எடுத்தேன். “அடுத்த செய்தியில் பார்ப்போம்” என்றார்கள். அடுத்த செய்தியில் கிரிக்கெட் இருந்தது.

2004 டிசம்பர் 26 ஐ யோசியுங்கள். அன்று ஞாயிறு, போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாள். கடல் முதலில் ஏறியது கிழக்கில். தென்மேற்கில் பெரலியவில் புகையிரதத்தை அலை மூடியது அதற்குப் பிறகு, அரை மணித்தியாலத்துக்கும் மேல் கழித்து. அந்த இடைவேளையில் கிழக்கிலிருந்து ஒரு குரல் நேரடியாக வானலையில் “கடல் வருகிறது” என்று சொல்லியிருந்தால், அது முழு நாட்டுக்கும் போயிருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். எங்கள் செய்தி முதலில் கொழும்புக்குப் போய், அங்கே எழுதப்பட்டு, பிறகு எங்களிடமே திரும்பி வரும் முறையில் அரை மணித்தியாலம் ஒன்றுமே இல்லை.

ஆகவே உவர்மலைத் தம்பி, முதலில் ஆட்களை வையுங்கள். 11 பிரதேச செயலகப் பிரிவுக்கும் ஆளுக்கொருவர் முடியாவிட்டாலும் வெருகல், மூதூர், குச்சவெளி, கந்தளாய் என்று நால்வர். அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், சிறிய தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. பாதுகாப்பையும் யோசியுங்கள். 2006 ஜனவரியில் கடற்கரையில் கொல்லப்பட்ட மாணவர்கள் ஐவரின் படங்களை எடுத்த செய்தியாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி இந்த நகரத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஊருக்குள் இருந்துகொண்டு ஊர்ச் செய்தி சொல்பவனுக்குத் திரும்பிப்போகக் கொழும்பு இல்லை.

அலைவாங்கி

ஈச்சிலம்பற்றுக்காரர் சொன்ன பிறகு கம்பத்தைப் பற்றிப் பேசுவது சின்ன விடயமாகத் தோன்றுகிறது. ஆனாலும் தொலைக்காட்சிக் கேள்வி பதில் இல்லாமல் நிற்கிறது.

இலங்கையின் முதல் தொலைக்காட்சியே ஒரு பிராந்திய நிலையம்தான் என்பது பலருக்கு ஞாபகம் இல்லை. ஐ.ரி.என். 1979 ஏப்ரல் 13 இல் தனியாரால் பன்னிப்பிட்டியிலிருந்து தொடங்கப்பட்டபோது கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 5 ஆம் திகதி அரசாங்கம் அதைத் தன்வசம் எடுத்தது. நாடு தழுவிய ஒளிபரப்பு 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி வந்த பிறகுதான், அதற்குப் பீதுருதாலகால மலையுச்சி தேவைப்பட்டது. தொலைக்காட்சி என்பது மலையும் அரசும் தேவைப்படும் தொழிலாக இருந்தது.

இப்போது அதில் பணம் போடுவது இன்னொரு விதத்தில் ஆபத்து. 2014 இல் இலங்கை ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவுசெய்தது, அந்த மாற்றம் இன்றுவரை இழுபடுகிறது. இன்றைக்கு அனலொக் ஒளிபரப்பி வாங்கினால், மாற்றம் வரும் நாளில் அது பழைய இரும்பு. மத்தியவீதி ஐயா கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்வார். தூரதேசி சொல்லும் கைப்பேசி வழி படத்துக்கு நல்லது. ஆனால் வெருகலில் தண்ணீர் ஏறும்போது முதலில் போவது மின்சாரம், அடுத்தது கைப்பேசிக் கம்பத்தின் பற்றரி. நான்கு பற்றரி போட்ட வானொலி ஒரு கிழமைக்குப் பேசும்.

உவர்மலையான்

எல்லோருக்கும் நன்றி. தொலைக்காட்சியைத் தள்ளிவைக்கிறோம். உண்மையைச் சொன்னால் எங்களுள் ஒருவருக்கு அதில் கோபம், கமராவுக்கு முற்பணம் கட்டிவிட்டார். வெருகல் செய்தியை வாசித்துவிட்டு நாங்கள் எங்கள் பழைய செய்தி அறிக்கைகளை எடுத்துப் பார்த்தோம். கடந்த மூன்று மாதத்தில் வெருகல் என்ற பெயர் ஒரு தரமும் வரவில்லை. கொழும்பைக் குறை சொல்லும் உரிமை எங்களுக்கும் குறைவுதான்.

அனுமதிப்பத்திரம் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

கச்சேரியடி

சுருக்கமாகச் சொல்கிறேன். அலைவரிசையை ஒதுக்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. ஆனால் வானொலி நடத்தும் அனுமதியை அமைச்சர் தருவது 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ். தொலைக்காட்சிக்கு 1982 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க ரூபவாஹினிச் சட்டம். அரச நிறுவனங்களை அமைக்க எழுதிய சட்டங்களில் தனியாருக்கு ஒரு பிரிவு ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 1997 இல் ஒலிபரப்பு அதிகார சபை ஒன்றுக்கான சட்டமூலம் வந்தது. அந்தச் சபை அரசாங்கத்தின் கைக்குள் இருக்கும் என்பதைச் சுட்டிக்காட்டி உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அது நல்ல தீர்ப்பு. ஆனால் சுயாதீனமான சபை ஒன்றும் பிறகு வரவில்லை. சமுதாய வானொலிக்கென்று தனி அனுமதியும் இல்லை. கொத்மலை, கிராந்துருக்கோட்டை நிலையங்களைச் சமுதாய வானொலி என்று சொல்கிறோம், அவை கூட்டுத்தாபனத்தின் நிலையங்கள்.

ஆகவே உங்கள் முன்னால் இரண்டு வழி. ஒன்று, நிறுவனமாகப் பதிந்து அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது. எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றது, ஏற்கெனவே அலைவரிசை வைத்திருக்கும் ஒருவரிடம் நாளுக்குச் சில மணித்தியாலம் வாங்குவது. தூரதேசி சொன்ன சன் கதையில் நீங்கள் எடுக்கவேண்டிய பகுதி அந்த வாடகை நேரம்தான்.

ஒரு வழக்கையும் சொல்லவேண்டும். 1995 ஜூலையில் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென்று நிறுத்தியது. அதில் பங்குபற்றி வந்த ஒரு நேயர் வழக்குப் போட்டார். அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று 1996 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேள்வி கேட்டும் பதில் சொல்லியும் நிகழ்ச்சியில் சேரும் நேயருக்கு அதில் உரிமை உண்டு. உங்கள் நிலையம் வளரும்போது, பாடல் நேரத்தைக் கூட்டுவதற்காக மீனவர் நிகழ்ச்சியை ஒரே நாளில் நிறுத்தலாமா என்று யாராவது கேட்பார்கள். அப்போது இந்த வழக்கை நினைவில் வையுங்கள்.

கிண்ணியாக்கரை

கடைக்காரர் ஐயா சொன்ன மரண அறிவித்தலில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்களில் ஒருவர் மௌத்தானால் சில மணித்தியாலத்துக்குள் நல்லடக்கம். ஜனாஸா அறிவித்தலைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி உடனே சொல்கிறது, காசு வாங்குவதில்லை. மகன் கந்தளாயில் வேலையில் இருப்பான், அவனுக்கு ஒலிபெருக்கி கேட்காது, வானொலி கேட்கும். அந்த நேரத்தில் அவன் குடும்பத்திடம் கட்டணம் செலுத்திவிட்டு வாருங்கள் என்று சொல்வீர்களா?

மத்தியவீதிக் கடைக்காரன்

நானா, இலவசமாகக் கொடுத்தால் நாளுக்கு நாற்பது வரும், செய்தி எங்கே வாசிப்பது? ஒன்று செய்யலாம். இறந்த அன்றைய அறிவித்தலுக்கு யாரிடமும் காசு வேண்டாம், முப்பது விநாடி, பெயரும் இடமும் நேரமும் மட்டும். சம்மந்தி, சகலன், கனடாப் பேரன் எல்லாம் வரவேண்டுமென்றால் கட்டணம். 31 ஆம் நாள் நினைவஞ்சலிக்கும் நன்றி நவிலலுக்கும் முதலாம் ஆண்டு நினைவுக்கும் முழுக் கட்டணம். அங்கே அவசரமும் இல்லை, ஆட்கள் தரவும் பின்னிற்கமாட்டார்கள்.

உவர்மலையான்

இதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். வாடகை நேரத்துக்குப் பேச ஆள் போகிறது. அது வரும் வரை இணையத்திலேயே காலை 5.30 க்கு மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று மூன்று கரையின் மீன் விலையும் காற்றும், 6 மணிக்கு அறிவித்தல்கள். கிண்ணியா நானா நோன்பு நேர அட்டவணையை எங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அலைவாங்கி ஐயா சனிக்கிழமை வந்து கூரைத் தகரத்துக்கு என்ன செய்யலாம் என்று பார்க்கிறார். வெருகலுக்கு ஒருவர் இன்னும் கிடைக்கவில்லை.

ஈச்சிலம்பற்றுக்காரன்

கிடைத்துவிட்டார். ஒன்பது வருடத்து அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன், புதிதாக ஒன்று அச்சடிக்க வேண்டாம். பெற்றோலை மட்டும் மாத முடிவில் தாருங்கள்.

மத்தியவீதிக் கடைக்காரன்

முதல் கட்டண அறிவித்தல் என்னுடையது. தகப்பனாரின் முதலாம் ஆண்டு நினைவு வரும் மாதம் 11 ஆம் திகதி வருகிறது. எழுதி அனுப்புகிறேன், ஒன்றரை நிமிடம் வரும். வாசிக்கும் பிள்ளையிடம் சொல்லுங்கள்: பாலையூற்று என்பதைப் பாலையூத்து என்று சொல்லக்கூடாது. அவர் உயிரோடு இருந்தபோது அப்படி வாசித்த அறிவிப்பாளர்களை ஏசிக்கொண்டே இருப்பார்.